முதுமைக்கு ஹார்மோன் ஊசி: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

போன ஐப்பசியில் ஒருநாள் மதியம், கீழக்கரையில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு காக்கா (எங்கள் ஊரில் அண்ணன் முறையில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். வயது அறுபத்தாறு. முப்பது வருஷம் சவூதியில் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இப்போதுதான் ஊரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி, மழைக்குக் கரண்ட் இருக்கவே மாட்டேங்குது. இதை ஒங்க பிரிட்ஜ்ல வச்சுக்கிறீங்களா?"

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பேக் உருகித் தண்ணீராகக் கிடந்தது. வளர்ச்சி ஹார்மோன் ஊசிப் பேனா இரண்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசிமருந்து ஒன்று, தயாரித்தவர் பெயரே இல்லாத ஒரு மாத்திரை டப்பா. பெருநகரக் கிளினிக் ஒன்றில் இளமையை மீட்டுத் தருவதாகச் சொல்லி ஆறு மாதப் பேக்கேஜ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டேகால் லட்சம் ரூபாய். மகனுக்குத் தெரியாது என்றார். வளர்ச்சி ஹார்மோனை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி பஸ்ஸில் வந்த சூட்டிலேயே பாதி மருந்து வீணாகியிருக்கலாம். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று, முதலில் அவருடைய லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன்.

மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 278 நானோகிராம். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பொதுவாக 300க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். ஆனால் என் கண் போனது சீட்டின் மேல்மூலைக்கு. ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.20 என்று அச்சாகியிருந்தது. மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன் என்றார் காக்கா. இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது சாயச் சாய இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சல் வந்தால், ராத்திரி தூக்கம் கெட்டால், அப்போதும் இறங்கும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்தால் மட்டுமே அதைக் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2018 வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் எண் மட்டும் போதாது, அதற்கேற்ற அறிகுறியும் இருக்க வேண்டும். காக்காவுக்கு எடுத்தது ஒரே ஒரு சாயங்காலச் சோதனை. அதன் மேல் இரண்டேகால் லட்சம்.

இந்த ஊசிகள் பற்றி ராமநாதபுரம் கடற்கரையில் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், படகை மகன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் அமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு, உடம்பில் சோர்வு, போனில் விளம்பரம். எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே குறைபாட்டு நோய் உள்ள சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் நல்ல மருந்து. வயதாவதற்கு அது மருந்தில்லை. வளர்ச்சி ஹார்மோனோ, ஆரோக்கியமான வயசாளிக்குக் கொடுக்கவே கூடாத ஒன்று.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சமிக்ஞை அனுப்ப, விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. நாற்பதை ஒட்டி ஆரம்பித்து வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் இது குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போல இங்கே திடீர் நிறுத்தம் எதுவும் கிடையாது. எண்பது வயதிலும் போதுமான அளவு உள்ள ஆண்கள் ஏராளம். 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களில், அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்து உண்மையான குறைபாடு என்று சொல்லத்தக்கவர்கள் ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான் என்று கண்டது. நூற்றுக்கு இரண்டு பேர். விளம்பரத்தைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு பேர் என்று தோன்றும்.

மற்றவர்களுக்கு ஏன் குறைகிறது? தொப்பை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மது, நாள்பட்ட வலி மாத்திரைகள். உடம்பு நோயோடு போராடும்போது பிட்யூட்டரி தன் சமிக்ஞையைத் தானே தணித்துக்கொள்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இந்த அளவு குறைவாக இருக்கும். அதே ஐரோப்பிய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் எடையைக் கணிசமாகக் குறைத்தவர்களுக்கு ஹார்மோன் தானாக ஏறியது, எடை போட்டவர்களுக்கு இறங்கியது. விசைப்படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் வேகம் குறையும். அப்போது டீசலைக் கூட்டிக்கொண்டே போவதா, வலையை அறுத்து எடுப்பதா என்று பாம்பனில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

சரி, கொடுத்துத்தான் பார்ப்போமே, என்ன ஆகும்? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2003-இல் அமெரிக்க மருத்துவக் கழகம், வயதானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பயன்படுமா என்பதற்குச் சான்றே போதாது, முறையாகச் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னது. அதன் பிறகு நடந்ததுதான் டெஸ்டோஸ்டிரோன் சோதனைகள் எனப்படும் பெரிய ஆய்வு. முதல் முடிவுகள் 2016-இல் வந்தன. 65 வயது தாண்டிய, அளவு 275க்குக் கீழே இருந்த 790 ஆண்கள். அந்த 790 பேரைத் தேர்ந்தெடுக்க 51,085 பேரை விசாரித்திருக்கிறார்கள். குறைந்த அளவு, அறிகுறி, மற்ற நிபந்தனைகள் எல்லாம் பொருந்துபவர்கள் எவ்வளவு அரிது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டுகிறது. பாதிப் பேருக்கு ஒரு வருஷம் ஹார்மோன் ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

தாம்பத்திய ஆசை ஓரளவு கூடியது. மனநிலையில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் விறைப்புக்கென்றே இருக்கும் மாத்திரைகள் தரும் பலனோடு ஒப்பிட்டால், இந்த ஜெல் தந்தது குறைவு. உடம்பில் தெம்பு வந்ததா? வெறும் ஜெல் பூசியவர்களுக்கும் இவர்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நடக்கும் தூரத்துக்கென்றே தனியாக அளந்த குழுவிலும் அப்படித்தான். ஞாபக சக்தியில் எந்த முன்னேற்றமும் இல்லை. ரத்தசோகை இருந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது, எலும்பின் அடர்த்தி கூடியது. கூடவே, இதய ரத்தக்குழாயில் படியும் கொழுப்புத் திட்டும் பெரிதானது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எலும்பின் அடர்த்தி கூடியது என்று படித்ததும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அடர்த்தி கூடினால் முறிவு குறையும் என்று யாரும் நினைப்பார்கள். 2023-இல் டிராவர்ஸ் என்ற இன்னொரு ஆய்வு வந்தது. 45 முதல் 80 வயது வரை, இதய நோயோ அது வரும் ஆபத்தோ உள்ளவர்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள். அதன் எலும்பு முறிவுக் கணக்கு அடுத்த வருஷம் வெளியானது. ஹார்மோன் எடுத்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முறிவு, எடுக்காதவர்களில் 2.46 சதவீதம். ஸ்கேன் காட்டிய எண் ஒரு பக்கம் போக, எலும்பு முறிந்தது மறுபக்கம் போனது. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் நான் தேடுவது இதைத்தான். ரிப்போர்ட்டில் ஏறிய எண்ணால் மனுஷன் மாடிப்படி ஏறினானா, விழாமல் இருந்தானா?

டிராவர்ஸ் ஆய்வில் நல்ல சேதியும் உண்டு. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 7.0 சதவீதம், வெறும் ஜெல் எடுத்தவர்களுக்கு 7.3. அதாவது, குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது 2.4-இலிருந்து 3.5 சதவீதமாகக் கூடியது. நுரையீரலில் ரத்தக்கட்டு அடைப்பதும், சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவதும் சற்றுக் கூடின. சர்க்கரைக்கு முந்தைய நிலையிலோ புதிதாகச் சர்க்கரை வந்த நிலையிலோ இருந்த ஆயிரம் குண்டான ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு இரண்டு வருஷம் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை நோய் இருந்தது, ஊசி போடாதவர்களில் 21. இது பெரிய பலன், மறுக்க முடியாது. ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தொட்டுவிட்டது அல்லது தாண்டிவிட்டது. அந்த அளவு போனால் மருந்தை நிறுத்து என்பதுதான் விதி, ஏனென்றால் ரத்தம் அவ்வளவு கெட்டி. நம் பக்கம் சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காதவர் உடம்பில் ரத்தம் சும்மாவே கெட்டியாகத்தான் காட்டும். மாதா மாதம் ரத்தம் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவது எனக்குப் பயமாக இருக்கிறது.

வளர்ச்சி ஹார்மோன் கதைக்கு வருவோம். காக்காவின் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது. 1990-இல் டேனியல் ரட்மன் என்ற மருத்துவர் 61 முதல் 81 வயது வரையுள்ள 21 ஆண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார். பன்னிரண்டு பேருக்கு ஆறு மாதம் ஊசி. கொழுப்பில்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. பன்னிரண்டே பேர். அதை வைத்து உலகம் முழுக்க ஒரு வியாபாரம் எழுந்தது. அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழே 2003-இல், எங்கள் பெயரைப் போட்டு விளம்பரம் செய்கிறார்களே என்று வருந்தி எழுதியது. 2007-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கூடிய சதையும் குறைந்த கொழுப்பும் தலா இரண்டு கிலோ அளவில் இருந்தன. உடம்பு நீர்கோத்து வீங்குவது, மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது எல்லாம் கூடியிருந்தன. சர்க்கரை ஏறும் போக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் முதுமையைத் தடுக்கும் பெயரில் இந்த ஹார்மோனை விநியோகிப்பதே சட்டப்படி குற்றம்.

காக்காவின் இடது கையைப் பார்த்தேன். வெள்ளி மோதிரம் விரலில் புதைந்திருந்தது. "மூணு வாரமாக் கழட்ட முடியல தம்பி, விரலும் ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றார். மூன்று வாரமாகத்தான் பேனா ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். நூலைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரத்தில் மோதிரத்தைக் கழற்றினோம். அடியில் தோல் வெளுத்துப் பள்ளமாகிக் கிடந்தது.

உடம்பில் இந்த ஹார்மோன் மிகுந்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க வயசாளிகளை வைத்துச் சோதிக்கவே வேண்டியதில்லை. பிட்யூட்டரியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரப்பவர்களுக்குக் கைகால் பெருக்கும், இதயம் வீங்கும், சர்க்கரை வரும். வைத்தியம் செய்யாவிட்டால் ஆயுள் குறையும். மறுபுறம், இந்த ஹார்மோன் வேலை செய்யாதபடி பிறந்த சுண்டெலிகள் மற்ற எலிகளைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. ஈக்வடாரில் அதே குறையோடு பிறந்த குள்ளமான மனிதர்களுக்குப் புற்றுநோயும் சர்க்கரையும் அபூர்வம் என்று 2011-இல் எழுதினார்கள். ஆயுளை நீட்டுவதற்காக இதை விற்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. பெயரில்லாத டப்பாவில் இருந்தது டிஎச்இஏ என்ற இன்னொரு ஹார்மோன் என்று கிளினிக் சீட்டில் எழுதியிருந்தது. அதை இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்து, தசைக்கும் இல்லை, தெம்புக்கும் இல்லை என்று 2006-இலேயே முடிவு சொல்லிவிட்டார்கள்.

இந்த ஆசைக்கு வயது நிறைய. 1889-இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர், தம் 72-ஆம் வயதில், நாயின் விரையிலிருந்தும் கினிப் பன்றியின் விரையிலிருந்தும் பிழிந்த சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். அவர் பொய் சொன்னவரில்லை, அப்படித்தான் உணர்ந்திருக்கிறார். 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாறு எடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்யும் அளவுக்கு அதில் ஹார்மோனே இல்லை. ஊசி குத்திய நம்பிக்கைதான் அவரைப் படியேற வைத்திருக்கிறது. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் நூறு கிலோ காளை விரையிலிருந்து பத்து மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, ஏதோ ஒரு மிருகத்தின் உறுப்பைச் சாப்பிட்டால் வீரியம் வரும் என்று யார் சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

நம் கரைக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் உள்ள கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடித்தால் சிறை. அப்படியிருந்தும் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. கடல் அட்டைக்குச் சீன மொழியில் பெயரே கடல் ஜின்செங். ஆண்களின் வீரியத்துக்கு என்று தூர தேசத்தில் யாரோ நம்புவதற்காக, நம் பிள்ளைகள் ஜாமீனுக்கு அலைகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் வெளியே நின்று பார்த்தவர்கள். இப்போது அதே நம்பிக்கை தெர்மாகோல் பெட்டியில் உள்ளே வருகிறது.

சோர்வு உண்மைதானே, அதற்கு என்ன செய்வது என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நான் மூன்றே விஷயம் கேட்டேன். ராத்திரி குறட்டை உண்டா? உண்டு, வீட்டில் பக்கத்து அறைக்குப் போய்ப் படுக்கிறார்களாம். எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள்? நாலு தடவை. கடைசியாக மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்? ஊருக்கு வந்ததிலிருந்து பார்க்கவே இல்லை. கிளினிக்கின் பதினாறு பக்கக் கோப்பில் அந்த ஒரு சோதனை மட்டும் இல்லை. மறுவாரம் எடுத்ததில் 9.4 வந்தது, சர்க்கரை நோய்தான். 2023-இல் வெளியான இந்திய அளவிலான கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இந்தக் கரையில் அறுபதைத் தாண்டிய ஆண் சோர்வாக இருக்கிறது என்று சொன்னால் நான் முதலில் நினைப்பது அதைத்தான். அப்புறம் தூக்கத்தில் மூச்சுத் தடை, தைராய்டு, ரத்தசோகை, பிரஷர் மாத்திரையின் பக்கவிளைவு, யாரிடமும் சொல்லாத மன அழுத்தம். குறட்டையும் மூச்சுத் தடையும் இருப்பவருக்கு வைத்தியம் பார்க்காமல் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அந்தத் தடையே மோசமாகலாம்.

முப்பது வருஷம் வேறு தேசத்தில் வேலையே வாழ்க்கையாக இருந்துவிட்டுத் திரும்பியவருக்கு ஊரில் பேச ஆள் இல்லை என்பதும் ஒரு சோர்வுதான். அந்தக் கிளினிக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்களாம். அவர் காசு கொடுத்ததில் ஒரு பங்கு அதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

யாருக்கு இந்த மருந்து வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், அம்மைக்கட்டு விரையில் இறங்கிப் பாதித்தவர், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர், பிறவியிலேயே குரோமோசோம் குறை உள்ளவர். இவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதே இல்லை, ஊசி அவர்கள் வாழ்க்கையையே மாற்றும். வயதானவர்களில், இரண்டு காலைச் சோதனையிலும் குறைவாக இருந்து, தாம்பத்தியத்தில் சிரமமும் இருந்தால், மருத்துவரோடு பேசி முயன்று பார்க்கலாம். ஒரு வருஷத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2020-இல் சொன்னது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் தொடக்கூடாது. இன்னும் குழந்தை வேண்டும் என்பவரும் தொடக்கூடாது, வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி சமிக்ஞையை நிறுத்தி விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஜெல் பூசுபவர்கள் தோளில் பேரப்பிள்ளையைத் தூக்கும் முன் சட்டை போட வேண்டும். தோலோடு தோல் பட்டுச் சின்னக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே பருவ மாற்றம் வந்த சம்பவங்கள் உண்டு.

எங்கே போவது என்றால், ராமநாதபுரத்திலேயே 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பொது மருத்துவத்தில் காட்டலாம், தேவைப்பட்டால் மதுரைக்கு அனுப்புவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-இலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீரியம் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடை செய்கிறது. அதனால்தான் இப்போது "எனர்ஜி", "இளமை" என்ற சொற்களில் விற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

காக்கா மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். கிளினிக் மீதிப் பணத்தைத் தரவில்லை. பேனாக்களை நானும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, சூடுபட்ட மருந்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. கார்த்திகை முடிவில் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் கொடுத்தார். 391, 376. சர்க்கரை மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், மூச்சுத் தடைக்கு மதுரையில் காட்ட நாள் வாங்கியிருக்கிறார். இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மோதிரத்தை மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.